பல்லுக்காரி அடிச்ச காசு

சீ. இன்னைக்கு நினைச்சாலும் குமட்டிக்கிட்டுதான் வருது. எங்க அண்ணனை நினைச்சாலும் சரி, அந்த ஊர்க்காரங்களை நினைச்சாலும் சரி.

ஊருன்னா நிஜ ஊர் இல்லை. கம்ப்யூட்டர்ல அறுபது பேர் சேர்ந்து ஆடுற விளையாட்டு. மரம் வெட்டணும், சுரங்கம் தோண்டணும், உலையில உருக்கணும், வேணுங்கிறதை நாமளே செஞ்சுக்கணும். அதை நடத்துறவர் ஒரு மருந்துக்கடைக்காரர். அங்கே என் பேர் பல்லுக்காரி. பார்க்கிற வேலை அப்படி. பல் லேபில மெழுகுல பல் செதுக்கி, அச்செடுத்து, உலோகம் ஊத்தி, உடைஞ்ச பல்லுக்கு உறை செய்யறவ நான். கண்டதையும் கலந்து ஊத்தினா போட்டுக்கிட்டவங்க ஈறு புண்ணாயிடும். அதனால கலப்படம்னாலே எனக்கு ஆகாது. அப்படித்தான் ஊர் முழுக்கப் பீத்திக்கிட்டுத் திரிஞ்சேன்.

முதல்ல அங்கே காசே கிடையாது. கோதுமை குடுத்துக் கல் வாங்கணும், கல்லைக் குடுத்துக் கயிறு வாங்கணும். கயிறு வச்சிருக்கிறவனுக்குக் கல் வேணாம்னா அன்னைக்கு வேலை அதோகதி. நான்தான் காசு அடிக்கிறேன்னு கிளம்பினேன். ஒரு செம்புக்கட்டி, ஒரு வெள்ளிக்கட்டி, ரெண்டையும் உருக்கி அச்சுல தட்டினா நாலு காசு. காசு மேல மவுஸை வச்சா 'செய்தவர்: பல்லுக்காரி'ன்னு காட்டும். நாலு காசைத் திரும்ப உலையில போட்டா, போட்ட செம்பும் வெள்ளியும் அப்படியே வெளிய வந்துடும். ஆனா அப்பல்லாம் ஒருத்தரும் போட்டுப் பார்த்ததில்லை. பல்லுக்காரி காசை உருக்கிப் பார்க்கிறது அவளைத் திருடின்னு சொல்ற மாதிரின்னு ஒரு பழக்கமே வந்துடுச்சு. எனக்குத் தலை கால் புரியலை.

அந்த ஊர்ல கண்டக்டர்னு ஒருத்தர், நிஜமாவே பஸ் கண்டக்டர். ஆத்துக்குக் குறுக்கே பாலம் கட்டித் தர்றேன்னு ஒத்துக்கிட்டு, ஒம்பது வாரம், லீவு நாளெல்லாம் உட்கார்ந்து கல் கல்லா அடுக்கினார். ஊர்க்காரங்க ஆளுக்குக் கொஞ்சமா தொள்ளாயிரம் காசு குடுத்தாங்க. துறைமுகத்துல கடைசியா இருந்த இடத்துக்கு விலையும் தொள்ளாயிரம். அதுல படகுப் பட்டறை போடணும்னு அந்த மனுஷனுக்கு உசிரு. வேலைக்கு நடுவுல பழைய டிக்கெட் ரோலுக்குப் பின்னாடி படகா வரைஞ்சு வச்சிருந்தார்.

போன ஞாயித்துக்கிழமை மத்தியானம் இடத்தை வாங்கப் போயிருக்கார். இடம் விக்கிற மருந்துக்கடைக்காரர் பெத்த தாய்கிட்டயே பில்லு கேக்கிற ஆளு. எங்க பழக்கமெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டா? நாலு காசை எடுத்து உலையில போட்டார். செம்பு வந்துச்சு. வெள்ளிக்குப் பதிலா ஈயம் வந்துச்சு. காசு மூட்டை மொத்தத்தையும் உருக்கினாங்க. இருநூத்து இருபத்தஞ்சு வெள்ளிக்கட்டி வரவேண்டிய இடத்துல நாப்பத்தஞ்சுதான் வெள்ளி, மிச்சம் நூத்தியெண்பதும் ஈயம். "சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் வச்சிருக்கேன், அப்புறம் வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்"னு மருந்துக்கடைக்காரர் சொல்லிட்டார்.

கண்டக்டர் எனக்கு ஒரே ஒரு வரி எழுதினார். "ஏம்மா, இது நீ அடிச்சதுதானே?" திட்டியிருந்தாக்கூடத் தேவலை.

நான் அடிக்கலை. மூணு மாசமா லேபில ஓவர்டைம். என் பாஸ்வேர்டை எங்க அண்ணன்கிட்ட குடுத்து, அங்கே என் பெட்டியில இருக்கிற வெள்ளியை எடுத்து தினம் நாப்பது காசு அடிச்சு வைன்னு சொல்லியிருந்தேன். அவன் அடிச்சாலும் காசுல என் பேர்தான் விழும். செருப்பை மாட்டிக்கிட்டு நேரா அவன் வீட்டுக்குப் போனேன். ரெண்டு தெரு தள்ளிதான்.

அவன் பனியனோட உட்கார்ந்து நகம் வெட்டிக்கிட்டிருந்தான். வெட்டின நகமெல்லாம் சாப்பிடுற மேஜை மேல.

"ஈயத்தையா கலந்தே?"

"கண்டுபிடிச்சுட்டாங்களா?"ன்னான். கூச்சமே இல்லை. "பார்க்க ஒரே மாதிரிதானேடி இருக்கு. ஈயம் ஆத்தங்கரையிலயே கிடைக்குது. வெள்ளிக்கு எவன் அவ்வளவு ஆழம் தோண்டுவான்?"

"உன்னை நாப்பதுதானே அடிக்கச் சொன்னேன்?"

"உனக்கு நாப்பது. எனக்குக் கொஞ்சம்." அவன் அங்கே மாளிகை கட்டினது, பன்னெண்டு குதிரை வாங்கினது எல்லாம் அப்பதான் எனக்கு உறைச்சுது. வேலியே பயிரை மேஞ்ச கதை.

"ஒரு மனுஷன் ஒம்பது வாரம் உழைச்சிருக்காருண்ணே."

"கேமுக்குப் போயி மூக்கைச் சிந்துறியே." நகத்தையெல்லாம் உள்ளங்கையால ஒதுக்கினான். "என்னமோ பெரிய உத்தமி மாதிரி பேசறே. தினம் பத்து வெள்ளி போகணும் உன் பெட்டியிலேர்ந்து. மூணு மாசமா ஒண்ணுகூடக் குறையலை. நீ பார்க்கவே இல்லையாக்கும்?"

"நீ தோண்டிட்டு வந்து போடறேன்னு நினைச்சேன்."

"நான் என்னைக்குடி மண்வெட்டியைத் தொட்டேன்?"

அண்ணி சமையல்கட்டுலேர்ந்து, "வந்ததுதான் வந்தே, சாப்பிட்டுட்டுப் போ"ன்னாங்க. அந்த மேஜையில எனக்குத் தண்ணிகூட இறங்கியிருக்காது. வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையா பாஸ்வேர்டை மாத்தினேன். சந்தை மைதானத்துல நின்னு எல்லாருக்கும் தெரியற மாதிரி எழுதினேன்: என் பேர் போட்ட காசுல ஈயம் இருக்கு, கொண்டு வாங்க, வெள்ளி இருக்கிற வரைக்கும் மாத்தித் தர்றேன். கொதிச்சுப் போவாங்கன்னு நினைச்சேன். ஒரு சலசலப்பும் இல்லை. கயிறு விக்கிறவன் சிரிக்கிற பொம்மை ஒண்ணைப் போட்டான். "இப்பதான் தெரியுதா? எங்களுக்கு ரெண்டு மாசமாத் தெரியும்"னான். வீட்டுக்குள்ள உட்கார்ந்து உருக்கிப் பார்த்திருக்கானுங்க. நல்ல காசைப் பெட்டியில பூட்டிட்டு, ஈயக் காசையெல்லாம் பாலத்துக் கூலிக்குத் தள்ளியிருக்கானுங்க. "கண்டக்டர்தான் உருக்கிப் பார்க்க மாட்டாரே"ன்னு ஒருத்தி எழுதினா. அவர் கட்டின பாலத்து மேல நின்னுக்கிட்டுதான் எழுதினா. தூ.

மணி அஞ்சே கால். பெட்டியைத் திறந்து நூத்தியெண்பது வெள்ளி எடுத்துக்கிட்டு துறைமுகத்துக்கு ஓடினேன். கண்டக்டர் அந்த இடத்தோட வேலிக்கு வெளியே நின்னுக்கிட்டிருந்தார். பக்கத்துல ஈயம் குவியலாக் கிடந்துச்சு.

"இருங்க சார், காசா அடிச்சே தந்துடறேன்."

"வேணாம்மா. வெள்ளியாவே குடு."

குடுத்தேன். வாங்கிக்கிட்டு உள்ளே போனார். மருந்துக்கடைக்காரர் பத்திரம் எழுதிக் குடுத்தார். இடம் கிடைச்சுடுச்சு. எனக்கு அப்பதான் மூச்சே வந்துச்சு. அத்தோட வாயை மூடிக்கிட்டு வந்திருக்கலாம்.

"சார், சத்தியமாச் சொல்றேன், இதெல்லாம் எங்க அண்ணன் பண்ணினது. எனக்கு ஒண்ணுமே தெரியாது"ன்னு எழுதினேன்.

கண்டக்டர் எழுதினார்.

"நீ பண்ணியிருக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும்மா. பத்து வருஷமாப் பையில கையை விட்டுச் சில்லறை குடுக்கிறவன் நான். கூட இருந்தாலும் குறைஞ்சாலும் கை தானாச் சொல்லிடும். இத்தனை வெள்ளி உன் பெட்டியிலயே நின்னுருக்கு. உனக்கு ஒண்ணுமே சொல்லலையா?"

சொல்லுச்சு. தினமும் பெட்டியைத் திறந்து, வெள்ளி குறையலையேன்னு சந்தோஷப்பட்டுத்தான் மூடினேன். பதில் எழுதி அழிச்சேன். மறுபடி எழுதி மறுபடி அழிச்சேன். அதுக்குள்ள அவர் படகுக்கு மரம் வெட்டப் போயிட்டார்.