எட்டு மணிக்குப் போகும் லைன்

இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் செய்தால் முதலில் ஒரு பாட்டு வரும். பாட்டை நிறுத்தி ஒரு பெண் குரல், உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியமானது என்று சொல்லும். சொல்லிவிட்டு மறுபடி பாட்டைப் போட்டுவிட்டுப் போய்விடும். முக்கியமானவர்களை இப்படித்தான் வாசலில் நிற்க வைப்பார்கள் போலிருக்கிறது. மூன்று மாதமாகக் கேட்டுக் கேட்டு அந்தப் பாட்டு, பாத்திரம் தேய்க்கும்போது தானாக அவள் வாயில் வந்தது. அதை நிறுத்த வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

"வணக்கம் மேடம். கணக்கு வச்சிருக்கிறவர் பக்கத்துல இருக்காரா?"

"அவன் வெளிய போயிருக்கான். நான் அவங்க அம்மா."

"அவரோட பிறந்த தேதி சொல்லுங்க."

சொன்னாள். பதின்மூன்றாவது தடவை. தேதி, மாதம், வருடம் என்று மூன்று எண்கள். சொல்லும்போது அவளுக்கு உள்ளே எதுவும் செய்யவில்லை.

"சார் எப்ப வருவாரு மேடம்?"

"தெரியாதுப்பா."

மகன் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. பத்தொன்பது வயது. பின்னால் வந்த லாரி நிற்கவில்லை, அவ்வளவுதான் விஷயம். டிவிக்கும் இன்டர்நெட்டுக்கும் சேர்த்து ஒரே கம்பி, ஒரே பெட்டி என்று இந்த இணைப்பை வாங்கி வந்தவன் அவன். அதனால் கணக்கு அவன் பெயரில் இருந்தது. முதல் தடவை போன் செய்தபோது அவள் உண்மையைத்தான் சொன்னாள். அந்தப் பக்கத்துப் பெண், "உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துறோம் மேடம்" என்று எழுதி வைத்ததைப் படித்தாள். இறந்தவர் பெயரில் இணைப்பு இருக்கக் கூடாதாம். அதைத் துண்டித்து, சான்றிதழ் கொடுத்து, புதிதாக விண்ணப்பித்தால் ஒரு மாதத்தில் கிடைக்குமாம். அன்றிலிருந்து மகன் வெளியே போயிருக்கிறான்.

ஒரு மாதம் இணைப்பில்லாமல் இருக்க அவளால் முடியாது. அவள் வேலையே அந்தக் கம்பியில்தான் வந்தது. எங்கெங்கோ இருக்கும் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாயால் சொல்லிப் பதிந்து வைப்பதைக் காதில் போட்டுக் கேட்டு எழுத்தாக அடித்து, ஒரு மணி நேரத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். முழங்கால் வலி, பித்தப்பைக் கல், மூச்சிரைப்பு. காலை எட்டரைக்கு ஹெட்போனை மாட்டினால் சாயங்காலம் வரை அடுத்தவர்களின் வியாதி தலை நிறைய ஓடும். அந்த நேரத்தில் வீட்டின் சத்தம் கேட்காது. இன்னும் சரியாகச் சொன்னால், வீட்டில் சத்தம் இல்லாதது கேட்காது. அந்த வேலை போய்விட்டால் பகல் முழுக்க இந்த வீட்டோடு அவள் தனியாக இருக்க வேண்டும். அது ஒன்றுக்குத்தான் அவளுக்குப் பயம் மிச்சமிருந்தது. மற்ற எதற்கும் பயப்படும் சக்தி இல்லை.

அந்த வேலைதான் இப்போது நூலில் தொங்கியது. லைன் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்தது. முன்பு கண் சிமிட்டும் நேரத்தில் போன கோப்பு இப்போது நகரவே கால் மணி நேரம் எடுத்தது. மேற்பார்வையாளருக்கு அவர்கள் குழுவில் மணிக்கூண்டு என்று பெயர். நிமிடம் தப்பினால் அடிப்பார். அடுத்த மாதம் இருபதாம் தேதிக்குள் சரியாகாவிட்டால் அவளுடைய டாக்டர்களை வேறு ஆளுக்கு மாற்றிவிடுவதாக அவர் சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கும் மேலே யாரோ ஒரு மணிக்கூண்டு இருந்திருக்கும்.

டிவியும் அப்படித்தான். ஒரு நாள் செய்தி வாசிப்பவர் வாயைத் திறந்தபடியே உறைந்துபோனார். அவள் கணவர் பத்து நிமிடம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நின்னுபோச்சுங்க" என்று அவள் சொன்ன பிறகுதான், "அப்படியா?" என்றார். டவுன் பஸ் ஓட்டுகிறவர். காலையில் ஐந்தேகால் வண்டி, மதியம் மூன்றுக்கு வீடு. பதினோரு மாதத்தில் ஒரு நாள் தாமதமாகப் போனதில்லை, மகனைப் பற்றி ஒரு வார்த்தை கூடப் பேசியதுமில்லை.

இதுவரை மூன்று பேர் வந்து பார்த்தார்கள். முதல் ஆள் பெட்டியை அணைத்துப் போட்டுவிட்டு, "இப்ப பாருங்க" என்றான். இரண்டாவது ஆள் வாசலிலிருந்து ஹால் வரை கம்பியை மாற்றினான். மூன்றாவது ஆள் பெட்டியையே மாற்றிவிட்டு, புதுப் பெட்டிக்கு எதிரே நாற்காலி போடாதீர்கள், சிக்னல் பாதிக்கும் என்று தன் மூளையிலிருந்து ஒரு யோசனையும் சொல்லிவிட்டுப் போனான். நாற்காலியை நகர்த்தினாள். கம்பெனி ஒவ்வொரு தடவையும் புகார் தீர்ந்தது என்று மூடியது. அவள் மறுபடி போன் செய்து பாட்டைக் கேட்டாள்.

நான்காவதாக வந்தவர் வயதானவர், நரைத்த மீசை. தோளில் பையோடு ஒரு பழைய லேப்டாப். பெட்டியை அவர் தொடவே இல்லை. ஹாலில், மகனின் அறைக் கதவுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தார்.

"எல்லாரும் வியாதியைத் தேடியிருக்காங்க. நான் முதல்ல ஜாதகத்தைப் பாக்கறேன்" என்றார். "உங்க லைன் என்னிக்கு எத்தனை மணிக்குப் போச்சு, எப்ப திரும்ப வந்துச்சு, எல்லாம் எங்க எக்ஸ்சேஞ்சு மெஷின்ல எழுதி இருக்கும்மா. யாரும் திறந்து பாக்கறதில்ல. அவசரம்."

கொஞ்ச நேரம் திரையை உருட்டினார். பிறகு சிரித்தார்.

"உங்க வீட்டை வச்சு நான் கடிகாரத்தைச் சரி பண்ணிக்கலாம் போலிருக்கே. ராத்திரி எட்டு ஆச்சுன்னா லைன் போகுது. தினமும். எட்டு முப்பத்தஞ்சுக்குத் திரும்ப வருது. இது ரிப்பேர் இல்லம்மா. யாரோ சுவிட்சை அணைக்கறாங்க."

எட்டு மணிக்கு அவள் அடுப்படியில் இருப்பாள், புகைபோக்கி ஃபேன் இரைந்துகொண்டிருக்கும். சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வரும்போது டிவி அணைந்திருக்கும். சாப்பிடுவதற்காக அணைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வாள். அதற்கு மேல் நினைக்கவில்லை.

"அணைச்சா என்ன? திரும்பப் போட்டுடறோமே."

"அங்கதான் விஷயம். லைன் போயிட்டு ரெண்டு நிமிஷத்துக்குள்ள வந்துட்டா மெஷின் கண்டுக்காது. அரை மணி நேரம் போச்சுன்னா, இந்த லைனுக்கு உடம்பு சரியில்லன்னு குறிச்சு வச்சுக்கும். தாங்கட்டும்னு வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும். மறுநாளும் போனா இன்னும் கொஞ்சம். அது நல்லதுதான் பண்றதா நினைக்குது, பாவம்."

அவர் இன்னும் கீழே உருட்டிக்கொண்டே போனார். "ஆனா ஒண்ணு விளங்கல. போன வருஷமும் எட்டு மணிக்குத்தான் போயிருக்கு. ஆனா ஒரு நிமிஷம், ஒண்ணேகால் நிமிஷம், அவ்வளவுதான். உடனே வந்துடுது. அப்புறம் பாருங்க, ஒரு ஒன்பது நாள் லைன் போகவே இல்ல. அதுக்கப்புறம் எல்லாமே முப்பத்தஞ்சு நிமிஷம்." விரலால் திரையைக் காட்டினார். "இந்தத் தேதியில என்னம்மா ஆச்சு?"

அவள் குனிந்து பார்த்தாள். அந்தத் தேதி அவளுக்குத் தெரியும்.

எல்லாம் அப்போதுதான் புரிந்தது. கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தால் அவனை வெளியே கொண்டுவர யாராலும் முடியாது. அவன் அப்பா இரண்டு தடவை கூப்பிடுவார், மூன்றாவது தடவை கூப்பிட மாட்டார். ஹாலில் பெட்டியின் சுவிட்சைத் தட்டிவிடுவார். ஒரு நிமிடம் ஆகாது, கதவு திறக்கும். "அப்பா, உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்று கத்திக்கொண்டே வந்து, சுவிட்சை அவனே போட்டுவிட்டு, அப்பா பதிலுக்குத் திட்டத் திட்ட, வந்ததுதான் வந்தோம் என்று சாப்பிட உட்காருவான். தினமும் நடந்த கூத்து. அவளுக்கு எரிச்சலாகக்கூட இருக்கும்.

அவர் இன்னும் அணைத்துக்கொண்டிருக்கிறார். சுவிட்சைப் போட ஆள் வரவில்லை என்பதால், சாப்பிட்டு முடித்துவிட்டு அவரே போடுகிறார்.

"என் பையன் இறந்துட்டான்" என்றாள். "அதுவரைக்கும் அவன்தான் எழுந்து வந்து போடுவான்."

லைன்காரர் லேப்டாப்பை உடனே மூடவில்லை. புகாரைத் திறந்து திரையில் படித்தார். பிறகு, "சார் வெளிய போயிருக்காருன்னு புகார்ல எழுதியிருந்துச்சு" என்றார்.

"ஆமா. நான்தான் சொன்னேன்."

அவர் அதைப் பற்றி மேலே கேட்கவில்லை. போகும்போது, "பதினாலு நாள் அரை மணிக் கணக்குல அணைக்காம இருந்தா வேகம் தானா ஏறிடும். நடுவுல ஒரு நாள் அப்படிப் போனாலும் மறுபடி முதல்லேருந்துதான்" என்றார். புகார்ச் சீட்டில் காரணம் என்று இருந்த கட்டத்தில், மின்சாரம் என்று எழுதி அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அவளுக்கு அவர்மேல் நன்றி வந்திருக்க வேண்டும். வரவில்லை, பிறகு எப்போதாவது வரும் என்று விட்டுவிட்டாள். காலண்டரில் எண்ணிப் பார்த்தாள். இருபதாம் தேதிக்குப் பத்தொன்பது நாள் இருந்தது.

மூன்று மணிக்குக் கணவர் வந்ததும் சொன்னாள். யார் அணைக்கிறார்கள் என்று கேட்கவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை. "பதினாலு நாளைக்கு அந்தப் பெட்டியை யாரும் அணைக்கக் கூடாதாம்ங்க. அணைச்சா என் வேலை போயிடும்" என்று மட்டும் சொன்னாள்.

"சரி" என்றார்.

அன்று எட்டு மணிக்கு அவள் புகைபோக்கி ஃபேனை நிறுத்திவிட்டு அடுப்படியிலிருந்தே பார்த்தாள். அவர் எழுந்தார். சுவிட்ச் வரைக்கும் போய் நின்றார். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். சற்று நேரம் அப்படியே நின்றுவிட்டு, சாப்பாட்டு மேசைக்கு வராமல் நேராகப் போய்ப் படுத்துக்கொண்டார்.

"சாப்பிடலையா?"

"பசியில்ல."

மறுநாளும் பசியில்லை. மூன்றாம் நாளும் பசியில்லை. பதினோரு மாதமாக எப்படியோ சாப்பிட்டுக்கொண்டிருந்த மனுஷன். அவன் வருவதற்காக அணைத்தார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அணைத்தால்தான் அவரால் சாப்பிடவே முடிந்தது என்று இப்போது தெரிந்தது. கூப்பிட்டாயிற்று, வருகிறவன் வரட்டும் என்று ஒரு தகப்பன் அதற்குப் பிறகுதான் தட்டில் கை வைக்க முடியும். கூப்பிடாமல் எப்படிச் சாப்பிடுவார்?

அவளுக்கு அவர்மேல் கோபம் வந்தது. இத்தனை நாளும் இதைத் தன்னிடம் சொல்லாமல் தனியாகவே செய்துகொண்டிருந்தார் என்ற கோபம். பதினோரு மாதத்தில் அவளுக்கு ஒன்று வந்தது என்றால் அது இந்தக் கோபம்தான்.

நான்காம் நாள் ஏழே முக்காலுக்கே அடுப்பை அணைத்துவிட்டு ஹாலுக்கு வந்தாள். அவர் படுக்கப் போவதற்காக எழுந்துகொண்டிருந்தார்.

"எங்க போறீங்க? எட்டு ஆகட்டும். வழக்கம்போல அணைங்க."

அவர் அவளைப் பார்த்தார். "உன் வேலை?"

"ரெண்டு நிமிஷம் வரைக்கும் மெஷின் கண்டுக்காதாம். நீங்க அணைங்க, நான் வந்து போடறேன்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு மணிக்குப் போய்ச் சுவிட்சைத் தட்டினார். டிவி இருண்டது. பெட்டியின் விளக்குகள் ஒவ்வொன்றாகப் போயின. இருவரும் மூடியிருந்த கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடுத்த வீட்டில் யாரோ குழாயைத் திறந்து மூடினார்கள். அவள் காத்திருந்தாள். ஒரு நிமிடம் என்பது இவ்வளவு நீளம் என்று அவளுக்குத் தெரியாது. இதைப் போல முப்பத்தைந்தை அவர் தினமும் மனதுக்குள் தனியாகக் கழித்திருக்கிறார்.

யாரும் வரவில்லை. அவள் போய்ச் சுவிட்சைப் போட்டாள்.

பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. சத்தமாக வந்தது, எரிச்சலோடு வந்தது, வாக்கியத்தின் பாதியில் உடைந்துபோனது.

"சாப்பிடற நேரத்துல கூட அது ஓடணுமா? வந்து உட்காரு முதல்ல."

அவள் போய் உட்கார்ந்தாள். அவர் அவள் தட்டில் பரிமாறினார். பாதி மேசையில் சிந்தியது. இருவரும் சாப்பிட்டார்கள்.