சேஷன் வீட்டு வாய்க்கால்

கரோல் பாக் மூன்றாம் மாடி வீட்டில் அன்று மாலை இருந்தவர்கள் மூன்று பேர். சேஷன் சோபாவில் இரண்டு பஞ்சு ரஜாய்களுக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தார். அவர் மனைவி வத்சலா சாப்பாட்டு மேஜைமேல் ஏறி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வீட்டு வேலை செய்யும் குஞ்சம்மாள் சன்னல் திட்டில். தரையில் யாரும் உட்காரவில்லை. தரையில் முழங்கால் ஆழத்துக்கு வாய்க்கால் ஓடிக்கொண்டிருந்தது.

அது சேஷனுடைய வாய்க்கால்தான். மேற்கே மழை காணாத ஒரு சீமைக்காக, சர்க்கார் இன்ஜினியராக அவர் வரைந்தது. திறப்பு விழா முடிந்து கரையோரக் கூடாரத்தில் படுத்தவரைக் கொசு கடித்தது. மலேரியாவோடு டில்லி திரும்பினார். பின்னாலேயே வாய்க்காலும் வந்துவிட்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், காப்பி வேளையில், அவருக்குக் குளிர் எடுத்ததும் சமையலறை மூலையிலிருந்து தண்ணீர் புறப்பட்டுக் கூடத்தைக் கடந்து பால்கனி வரை வரும். காய்ச்சல் ஏறினால் அப்படியே நிற்கும். வியர்த்துவிட்டால் வந்த வழியே திரும்பிப் போகும். கீழ் வீட்டுக்கு ஒரு சொட்டு ஒழுகியதில்லை. மாத்திரை தின்றால் காய்ச்சலும் வாய்க்காலும் சில வாரம் காணாமல் போகும். கிருமி ஈரலில் ஒளிந்திருக்கிறது, மறுபடி வரும் என்றார் டாக்டர், வந்தது. காலையில் சற்று நேரம் மட்டும் குழாய் சொட்டும் தெருவில் இது பெரிய உபகாரம். கீழ் வீட்டுப் பஞ்சாபி அம்மாள் பக்கெட்டோடு ஏறி வந்து, பாயி சாப்புக்கு இன்றைக்குக் குளிர் உண்டா என்று அன்பாக விசாரிப்பாள்.

சேஷனுக்கும் உள்ளூரப் பெருமைதான். பல் கிட்டிக்கொண்டிருக்கும்போதும் ஓட்டத்தின் வேகத்தை ரசிப்பார். அங்கே மேற்கில், திறந்த நாள் முதல் வாய்க்கால் நின்றதில்லை. நிற்கக் கூடாது என்பது அவர் போட்ட உத்தரவு. கரைக்கான மண்ணைக் கரைக்குப் பக்கத்திலேயே வெட்டினால் செலவு குறைவு என்பது ஆபீஸ் பழக்கம்; வெட்டிய குழிகளை மூடுவதற்கு எஸ்டிமேட்டில் இடம் கிடையாது. கசிந்த நீர் குழிகளில் தேங்கிக் கொசு பெருகியது, கரையோரக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு நடுக்கம். குழியை மூடி, வாரம் ஒரு நாள் தண்ணீரை நிறுத்திக் காயவிட்டால் கொசுப்புழு செத்துவிடும் என்று அங்கே அவருக்குக் கீழே வேலை பார்க்கும் இளம் இன்ஜினியர் ஜெயராம் எழுதி எழுதிக் கேட்டான். பார்க்கலாம் என்று சேஷன் ஒத்திப்போட்டுக்கொண்டே வந்தார்.

இதற்கிடையில் பெங்களூரில் இருக்கும் மகள் சுபாஷிணிக்கு வளைகாப்பு முடிந்தது. தலைப்பிரசவத்துக்கு இங்கேதான் வரவேண்டும். நாற்காலிக் கால்களுக்கு நடுவே கொசுப்புழு நெளிந்தது.

"ஏன்னா, ஒண்ணு இந்தாத்துல வாய்க்கால் இருக்கணும், இல்லேன்னா என் பொண்ணு இருக்கணும். பிள்ளைத்தாச்சிக்கு இந்த ஜுரம் வரவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியாச்சு."

"கொசுவலை கட்டிடலாமே."

"எதுக்கு, வாய்க்காலுக்கா?"

அப்போது சமையலறைப் பக்கமிருந்து ஒரு துண்டு மிதந்து வந்தது. குஞ்சம்மாள் எட்டி எடுத்து ஓரத்தைப் பார்த்தாள். அவள் தைத்த சிவப்பு நூல். அவள் புருஷன் ஐயப்பன் அந்த வாய்க்காலுக்கு மண் வெட்டப் போய், பிறகு மதகுக் காவலாளாக அங்கேயே தங்கிவிட்டவன். பிழியப் போனவள் கை நின்றது. குளிர்ந்த தண்ணீரில் வந்த துண்டு, காய்ச்சல்காரன் நெற்றி மாதிரிக் கொதித்தது. "எங்க வூட்டுக்காரரு துண்டுங்கய்யா" என்று அதைச் சேஷன் கையில் வைத்தாள். அந்தச் சூடு அவருக்கு நன்றாகத் தெரிந்த சூடு.

"மாத்திரை வாங்கிக்கலையா அவன்?"

"ஆஸ்பத்திரி தொலவுங்கய்யா. மதகை வுட்டுட்டு எப்படிப் போவாரு? தண்ணி நிக்கக் கூடாதுன்னு உங்க உத்தரவாம்."

சேஷன் வெகுநேரம் துண்டைக் கீழே வைக்கவில்லை. பிறகு பேனா கேட்டார். ஜெயராமுக்கு எழுதினார்: முதலில் ஐயப்பனை ஜீப்பில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போ, வாரம் ஒரு நாள் தண்ணீரை நிறுத்து, குழிகளை மூடு, தவறு என்னுடையது, உத்தரவும் என்னுடையது. ஆபீஸ் தபாலில் போட்டால் பேரனுக்குப் பெயர் வைத்த பிறகுதான் போய்ச் சேரும் என்றாள் வத்சலா. அதுவும் சரிதான். பால் கவரில் கடிதத்தைப் போட்டு, மெழுகுவர்த்தியில் வாயை உருக்கி ஒட்டினாள். குஞ்சம்மாள் அதைத் துண்டில் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

காய்ச்சல் இறங்கிச் சேஷனுக்கு வியர்த்தது. தண்ணீர் திரும்பத் தொடங்கியது. அவர் தம் வாய்க்காலில் முதன்முறையாகக் காலை வைத்து இறங்கி, மூட்டையை ஓட்டத்தில் விட்டார். மேஜைக் காலில் அது முட்டி நின்றபோது, வத்சலா மேலிருந்தபடியே கால் கட்டைவிரலால் தள்ளிவிட்டாள்.

"கடுதாசின்னா கண்டுக்க மாட்டாரு," என்றாள் குஞ்சம்மாள். "துண்டுன்னா எட்டி எடுத்துருவாரு."

மூட்டை சமையலறை மூலையில் திரும்பி மேற்கே போனது.