எனக்கு ஒண்ணும் கேக்கலையே

கரையில் நின்று கையாட்டியவர்கள் புள்ளியாகி மறையும் வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அறைக்கு வந்து செருப்பை உதறிவிட்டு, கொஞ்சம் சாயலாம் என்று அவள் தலையணையில் தலை வைத்தாள். வைத்தவுடனே ஆரம்பித்தது. டிக். டிக்-டக். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் டிக்-டக்.

"என்னங்க, அது என்ன சத்தம்?"

எதிர்க் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்த கணவர், கப்பலில் என்னென்ன எங்கே இருக்கிறது என்ற வரைபடத்தை முகத்துக்கு நேரே பிடித்திருந்தார். அதைத் தாழ்த்தாமலே, "எது?" என்றார்.

"அதோ, டிக்-டக்னு. கேக்கலை?"

அவர் காதைத் தீட்டிக்கொள்வது போல ஒரு பாவனை காட்டினார். "எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

அவள் எழுந்து தேட ஆரம்பித்தாள். தேடுவதற்கு அங்கே பெரிய அரண்மனை எதுவும் இல்லை. சோம்பல் முறித்தால் எதிர்ச் சுவரில் கை இடிக்கும், அவ்வளவுதான் அறை. அலமாரியில் தொங்கிய ஹேங்கர்களைத் துண்டால் சேர்த்துக் கட்டினாள். இழுப்பறைகளில் காகிதம் மடித்துச் செருகினாள். குளியலறையில் பல் துலக்கும் பிரஷ் நின்ற கண்ணாடி டம்ளரைப் படுக்க வைத்தாள். கடைசியில் கணவரின் தோள்பையைத் தூக்கி ஆட்டிப் பார்த்தாள். உள்ளே ஏதோ கிணுகிணுத்தது.

"வீட்டுச் சாவிம்மா, அது. அதை விடு," என்று அவர் பையை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

சாவிச் சத்தம் வேறு, இந்தச் சத்தம் வேறு என்று அவளுக்கும் தெரியும். டிக்-டக் நின்றபாடில்லை.

வேறு யாராக இருந்தாலும் பஞ்சைக் காதில் வைத்துக்கொண்டு படுத்திருப்பார்கள். அவளால் முடியவில்லை. காரணம், காதுதான் அவள் பிழைப்பு. பியானோவுக்குச் சுருதி சேர்ப்பது அவள் தொழில். இப்போதெல்லாம் செல்போனை எடுத்து வைத்து, அது காட்டும் முள்ளைப் பார்த்துச் சேர்ப்பவர்கள் வந்துவிட்டார்கள். அவள் எந்த முள்ளையும் பார்த்ததில்லை. சங்கீத அரங்கத்தின் பெரிய கறுப்புப் பியானோவை அவளைத் தவிர வேறு யாரும் தொட மேனேஜர் விட்டதும் இல்லை.

கணவர் வேலை பார்த்த கடை மூடப்பட்ட பிறகு அவளோடு வர ஆரம்பித்தார். கருவிப் பையைத் தூக்குவார். பியானோவில் ஒரு கட்டையை அழுத்தினால் உள்ளே பெரும்பாலும் மூன்று கம்பிகள் சேர்ந்து ஒலிக்கும். ஒன்றைச் சரி பார்க்க வேண்டுமானால் மற்ற இரண்டின் வாயையும் அடைக்க வேண்டும். அதற்குத் தடித்த கம்பளித் துணியான ஃபெல்ட்டைச் சின்னச் சின்னதாகச் சீவி, கம்பிகளுக்கு இடையில் செருகுவார்கள். அந்தத் துண்டுகளைச் சீவித் தருவது அவர் பொறுப்பு. எப்போதும் சிவப்பு ஃபெல்ட்தான். சட்டைப் பையில் கைவிட்டால் நாலைந்து துண்டு இருக்கும். தடிமனாகவே சீவுகிறார் என்று அவள் திட்டுவாள், அவர் சிரித்துக்கொள்வார். அரங்கத்தில் அவருக்கு 'பைக்காரர்' என்றே பெயர். பையைத் தூக்கி வருகிறவர், அதனால் பைக்காரர்.

இந்தச் சில மாதங்களாகத்தான் ஒரு முள் உறுத்திக்கொண்டிருந்தது. "அந்த மேல் கட்டை கொஞ்சம் இறங்கி நிக்குதோ?" என்று அவர் கேட்பார். அவள் மறுபடி தட்டிப் பார்ப்பாள். சரியாகத்தான் இருக்கும். இருந்தாலும் மனம் சமாதானம் ஆகாது. வயது ஏறுகிறது, காது இறங்குகிறதோ என்று கிலி பிடித்துக்கொண்டது. "ஊர் திரும்பினதும் மேனேஜர்கிட்ட ஒரு முடிவு சொல்லிடு. அதுக்கு முன்னாடி நாலு நாள் கடல்ல போய் ஓய்வெடு," என்று கணவரே இந்தக் கப்பல் பயணத்துக்கு ஏற்பாடு செய்தார். இப்படி ஒரு மனுஷன் யாருக்குக் கிடைப்பார் என்று அவள் பூரித்துப்போனாள்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் பக்கத்தில் படுத்துக்கொண்டு, ஒன்றும் கேட்கவில்லை என்கிறார். அப்படியானால் சத்தம் எங்கே இருக்கிறது? அவள் தலைக்குள்ளேயா?

மறுநாள் காலையில் வரவேற்பு மேசைக்குப் போய்ச் சொன்னாள். கப்பலின் தச்சரை உடனே அனுப்பினார்கள். அவரைக் கையோடு அழைத்துக்கொண்டு அறைக்கு வந்தாள். கணவர் தன் கட்டிலில் உட்கார்ந்து சாவகாசமாக நகம் வெட்டிக்கொண்டிருந்தார். அறை ஊமையாக இருந்தது.

தச்சர் நல்ல மனுஷன். சுவரில் காதை வைத்தார், அலமாரியை ஆட்டினார், காத்திருந்தார். கப்பல் இரண்டு பக்கமும் நன்றாகச் சாய்ந்து நிமிர்ந்தது. ஒரு சின்ன முனகல்கூட இல்லை.

"ஒண்ணும் இல்லீங்களே மேடம். ஒருவேளை இன்ஜின் அதிர்வா இருக்கும்."

"அவங்களுக்குக் கொஞ்ச நாளா இப்படித்தான்," என்றார் கணவர், தணிந்த குரலில், பரிவோடு. தச்சர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவள் குளியலறைக்குள் போய் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு வெளியே வந்தாள். டிக்-டக்.

மத்தியானம் வெளியே போய், விரிப்பு மாற்றும் பெண்ணை அறைக்கு அழைத்துவந்து கேட்கச் சொன்னாள். அப்போதும் அதே கதை. அந்தப் பெண் இருக்கும் வரை அமைதி. அவளை வழியனுப்ப நடைக்கூடம் வரை போய்த் திரும்பினால் டிக்-டக். அந்தப் பெண் போகும்போது கணவரைப் பார்த்த பார்வையில் இருந்த இரக்கத்தை அவள் கவனித்துவிட்டாள். அது அவளை உடைத்துப்போட்டது.

சாயங்காலம் மேல்தளத்தில் காற்று வாங்க நின்றபோது அவளாகவே சொன்னாள். "என் காது போச்சுங்க. இல்லாத சத்தம் கேக்குது. இனிமே நான் எந்த தைரியத்துல பியானோ முன்னாடி உக்காருவேன்?"

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "போதும்மா. எவ்வளவு நாள்தான் ஓடுவ?"

"அரங்கத்தை யார்கிட்ட விடறது?"

"நான் ஒருத்தன் இருக்கேனே. பக்கத்துலயே நின்னு பாத்தவன்தானே? அந்தச் செல்போன் முள்ளு வேற இருக்கு. சமாளிச்சுக்குவேன்."

அவள் அவர் தோளில் சாய்ந்து அழுதாள். நன்றியில் வந்த அழுகை அது. இப்போது நினைத்தாலும் அதற்காகத்தான் அவளுக்கு உடம்பு கூசுகிறது. அங்கேயே நின்று மேனேஜருக்கு ஒரு குரல் செய்தி பதிந்தாள்: காது சரியில்லை, விலகிக்கொள்கிறேன், வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். நடுக்கடலில் சிக்னல் இல்லாததால் செய்தி போகாமல் போனிலேயே நின்றது. "கரையை நெருங்கினதும் தானா போயிடும், விடு," என்றார் அவர்.

கரை வரும் நாள் காலையில் கணவர் காலைச் சாப்பாட்டு வரிசையில் இருந்தார். அவளுக்குச் சாப்பாடு இறங்காது போலிருந்தது. அறைக்குத் திரும்பும் வழியில் பெரிய கூடத்தில் பியானோக்காரர் வாசித்துக்கொண்டிருந்தார். அவள் நிற்காமல்தான் போனாள். ஆனால் நடுவில் ஒரு கட்டை கசந்தது. கல்லைக் கடித்தது போல இருந்தது. இதுவும் பிரமைதான் என்று தலையைக் குனிந்துகொண்டு நாலு எட்டு போனாள். பிறகு மனம் கேட்காமல் திரும்பி வந்தாள்.

"தம்பி, தப்பா நினைக்காதீங்க. அந்த வெள்ளைக் கட்டை, நடுவுக்கு வலது பக்கம்... அதை ஒருதரம் அழுத்துங்களேன்."

பியானோக்காரர் கையைத் தூக்கிக்கொண்டு சிரித்தார். "ஐயோ, பிடிச்சிட்டீங்களா! அது ரொம்ப நாளா இறங்கித்தான் கிடக்கு. முடிஞ்சவரைக்கும் அதைத் தொடாமலே ஓட்டுறேன். இப்ப கை தவறிப் பட்டுடுச்சு. இவ்வளவு பேர் கேக்கறாங்க, ஒருத்தர்கூடச் சொன்னதில்ல. நீங்க வாசிப்பீங்களா?"

"சுருதி சேர்ப்பேன்," என்றாள்.

"அதானே பாத்தேன். இன்னொண்ணு இருக்கு, முடிஞ்சா கண்டுபிடிங்க," என்று அவர் வரிசையாகத் தட்டினார். அவள் சட்டென்று கை காட்டினாள். அவர் எழுந்து நின்று கும்பிடு போட்டார்.

கணவர் இதற்குள் அறைக்கு வந்திருப்பார் என்று அவள் படியில் ஓடினாள். இந்த வயதில் அப்படி ஓடுவாள் என்று அவளே நினைக்கவில்லை. காது போகவில்லை என்பதை முதலில் அவரிடம் சொல்ல வேண்டும். அவர்தானே அவளுக்காக இவ்வளவு கவலைப்பட்டார்!

அறையில் அவர் இல்லை. டிக்-டக் இருந்தது.

காது நல்ல காது என்றால் சத்தமும் நிஜச் சத்தம்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். தொழிலில் எப்படிக் கேட்பாளோ அப்படிக் கேட்டாள். கணவரின் கட்டிலில் ஏறி நின்று, கூரைப் பலகை சுவரோடு சேரும் இடத்தை விரலால் அழுத்தினாள். சத்தம் நின்றது. விரலை எடுத்தாள், டிக்-டக். பலகை லேசாகத் தளர்ந்து, கப்பல் சாயும்போதெல்லாம் தகர விளிம்பில் இடிக்கிறது. இவ்வளவுதான் பேயும் பிசாசும். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அப்போதுதான் விரல் நுனியைப் பார்த்தாள். அதில் சிவப்பாக ஒரு பிசிறு ஒட்டியிருந்தது. தகர விளிம்பிலும் அதே பிசிறு.

அந்தச் சிவப்பை அவளுக்குத் தெரியாதா?

கொக்கியில் தொங்கிய அவர் சட்டையின் பையில் கைவிட்டாள். ஒரே ஒரு துண்டு இருந்தது. எடுத்து இடுக்கில் செருகினாள். சிக்கென்று உட்கார்ந்தது. அறை ஊமையானது. தச்சர் வந்தபோது இருந்த அதே ஊமை.

அவள் மெல்லக் கீழே இறங்கிக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். மறுபடி எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். ஒரு பக்கம் பிளேடால் சீவி, பொருத்திப் பார்த்து, இன்னும் கொஞ்சம் சீவி, இடுக்குக்கு என்றே அளவெடுத்த துண்டு. இத்தனை வருஷத்தில் ஒரு துண்டைக்கூட இவ்வளவு சுத்தமாக அவர் சீவித் தந்ததில்லை. வேறு எந்தப் புருஷனாக இருந்தாலும் காகிதத்தைக் கசக்கிச் செருகியிருப்பான், அவளும் கண்டுபிடித்திருக்க மாட்டாள். இவருக்குக் கை பழகிய இடத்துக்குப் போயிருக்கிறது. ஆத்திரம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது அவமானம்.

போனை எடுத்து, போகாமல் நின்ற செய்தியை அழித்தாள்.

கணவர் காகிதத்தில் ஒரு ரொட்டியைச் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். "சாப்பிடாமயே வந்துட்டியே. இந்தா."

டிக்-டக், டிக்-டக்.

அவள் அவருக்கு இன்னும் ஒரே ஒரு வாய்ப்புக் கொடுத்தாள். அவர் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டுமே என்று மனதுக்குள் மன்றாடினாள். "சத்தம் கேக்குதுங்க. உங்களுக்குக் கேக்குதா?"

"எனக்கு ஒண்ணும் கேக்கலையேம்மா."

அவள் கையை விரித்தாள்.

சிவப்புத் துண்டைப் பார்த்ததும் அவர் முகத்தில் ரத்தம் வற்றியது. ரொட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறினார். பிறகு பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"புத்தி கெட்டுப்போச்சு. வேணும்னு செய்யலை. இங்க வந்து, அந்தச் சத்தத்தைக் கேட்டப்பதான்... சட்டுனு தோணிச்சு."

"என்னைப் பைத்தியமாக்கணும்னா?"

"பைக்காரர், பைக்காரர்னு கூப்பிட்டப்ப நீயும் சேர்ந்து சிரிச்சியே! ஒருநாளாவது 'அவருக்கும் வேலை தெரியும்'னு சொன்னியா? நானும் ஒருதரம் அந்தப் பியானோ முன்னாடி உக்காரணும்னு நினைச்சது தப்பா?"

சிரித்தது நிஜம். போனில் அவர் பெயரையே 'பைக்காரர்' என்றுதான் பதிந்து வைத்திருக்கிறாள். இங்கே வந்த பிறகு ஒரு கணத்தில் தோன்றிய கெட்ட புத்தி என்றால், அதை விழுங்கிவிடலாம் என்றுகூட அவளுக்குத் தோன்றியது. கோபம் கொஞ்சம் இளகியது. அவர் தோளைத் தொடலாமா என்று கை தயங்கியது.

அப்போது மடியிலிருந்த போன் அதிர்ந்தது. ஜன்னலில் கரை தெரிந்தது. தேங்கியிருந்த செய்திகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. முதலில் இருந்தது மேனேஜரின் குரல். அவள் அழுத்தினாள்.

"மேடம், நீங்க கப்பல் ஏறியிருப்பீங்க. உங்க காது விஷயத்தைப் போன மாசமே வீட்டுக்காரர் சொல்லிட்டார். சொல்லும்போது அழுதுட்டார். நீங்களா சொல்ற வரைக்கும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்க வேண்டாம்னார். கப்பல்ல வெச்சு மெதுவா உங்களைச் சம்மதிக்க வெக்கிறேன்னார். ஆனா எனக்கு மனசு கேக்கலை, அதான் பேசறேன். பியானோ அறைச் சாவியை அவர்கிட்டயே குடுத்துட்டேன். நீங்க எதுக்கும் கவலைப்படாம ஓய்வெடுங்க."

குரல் முடிந்தது. டிக்-டக் மட்டும் மிச்சம் இருந்தது. கப்பலுக்கு வந்த பிறகு தோன்றியதல்ல. இந்தக் கப்பலே அதற்காகத்தான். கடல் காற்றும் ஓய்வும் கையைப் பிடித்துக்கொண்டதும் எல்லாமே அதற்காகத்தான்.

"அவர்... அவர் என்ன சொல்றார்?" என்றார் கணவர். "இரைச்சலா இருந்துச்சு. எனக்குச் சரியாக் கேக்கலை."

அவள் சத்தத்தைக் கூட்டி, அதை முதலிலிருந்து மறுபடி ஓடவிட்டாள். அவர் தலை கவிழ்ந்து முழுவதையும் கேட்டார்.

முடிந்ததும் அவள் கையை நீட்டினாள். "சாவியக் குடுங்க."

அவர் கட்டிலுக்கு அடியிலிருந்து தோள்பையை இழுத்தார். உள்ளே கைவிட்டுத் துழாவும்போது அது கிணுகிணுத்தது. வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிய நேரத்திலிருந்து, துறைமுக வரிசையிலும் கப்பல் படியிலும் அந்தச் சத்தம் அவள் காதில் தெளிவாக விழுந்துகொண்டேதான் இருந்தது. வீட்டுச் சாவி என்று அவர் சொன்னார், அவளும் நம்பினாள்.