முப்பத்தேழு நொடியை யார் கழிப்பது?

விண்ணுக்குப் போன நாளிலிருந்து அந்தக் குட்டிச் செயற்கைக்கோள் வாயே திறக்கவில்லை. அதை இயக்கும் கணவனும் மனைவியும்கூட அப்படித்தான். ஆண்டெனா அறையில் அடுத்தடுத்த மேசை. நடுவில் மேனேஜர்தான் தபால்காரர்.

"சார், பாதைக் கணக்கு அனுப்பிட்டேன்னு அவர்கிட்ட சொல்லிடுங்க."

"பக்கத்துலதானேம்மா உக்காந்திருக்காரு!"

"அதனால என்ன சார்?"

சண்டை எதற்காக ஆரம்பித்தது என்பதே கணவனுக்கு மறந்துவிட்டது. அதைக் கேட்டால் இன்னொரு சண்டை வரும் என்கிற அளவுக்கு மட்டும் விவரம் இருந்தது.

மத்தியானம் செயற்கைக்கோள் தலைக்கு மேலே வரும். அப்போதும் பதில் இல்லையென்றால் திட்டத்தை இழுத்து மூடச் சொல்லிவிட்டார்கள். இருவரும் பிள்ளை மாதிரி வளர்த்தது. ஒவ்வொரு திருகாணியை முறுக்கும்போதும் "வலிக்குதாடா செல்லம்?" என்று அவள் கேட்பாள். அவன் கேலி செய்வான். அவள் வெளியே போனதும் அவனும் கேட்பான்.

திட்டத்தை மூடும் அறிக்கையை எழுத மேனேஜர் பேனாவை எடுத்தார். "செத்ததுக்குக் காரணம்னு ஏதாவது எழுதணுமே. ஏதோ ரெண்டு நேரம்னு சொல்வீங்களே, அது என்னப்பா?"

அவன் விளக்கினான். அணுக் கடிகாரம் பிசகாமல் ஓடும். பூமி சுற்றுவதில் கொஞ்சம் சோம்பேறி. அதற்கு விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்தே உலக நேரம் முப்பத்தேழு நொடி பின்தங்கிவிட்டது. மனைவியின் கணக்கு அணு நேரத்தில். அவனுடைய ஆண்டெனா திரும்புவது உலக நேரத்தில். இடையில் முப்பத்தேழைக் கழிக்க வேண்டும்.

"சரி, யார் கழிக்கிறீங்க?"

"நான்தான்," என்றார்கள் இருவரும்.



"நீங்க மறந்துடுவீங்கன்னு நானே கழிச்சு அனுப்பினேன்," என்றாள் அவள், அவனையே பார்த்து.

"நீ கோவத்துல விட்டிருப்பேன்னு நானும்..."

"அப்போ அது வர்றதுக்கு முன்னாடியே ஆண்டெனா ஓடியிருக்கு! என்னை விட்டுட்டு முன்னால நடக்கற உங்க புத்தி அதுக்கும் வந்துடுச்சு!"

"சண்டை அப்புறம்! நேரமாச்சு!" என்று மேனேஜர் கத்தினார்.

முப்பத்தேழைக் கழிக்கக் கணினியில் தான் எழுதிய வரியை அழிக்க அவன் பாய்ந்தான். ஓரக்கண்ணால் பார்த்தால், பக்கத்தில் அவளும் அழிக்கப்போகிறாள்.

"ஏய், நில்லு! ரெண்டு பேரும் அழிச்சா இந்தத் தடவை லேட்டாப் போவோம்!"

"அப்போ யாரு அழிக்கறது?"

"நீ அழிச்சுடு. நீ அணு நேரத்தை அப்படியே கொடு. கழிக்கிறது என் வேலை."

"இதை முதல்லயே வாயைத் திறந்து சொல்லியிருந்தா என்னவாம்?" என்றபடியே அழித்துவிட்டாள்.

ஆண்டெனா மெல்லத் திரும்பியது. திரையில் வெறும் இரைச்சல். அவள் கை அவன் சட்டைக் கையைப் பிடித்தது. பிறகு இரைச்சலுக்குள் ஒரு மெல்லிய கோடு. பீப், பீப் என்று ஒலி. பேட்டரி நன்றாக இருந்தது. சூடு சரியாக இருந்தது. எல்லாமே சரியாக இருந்தது!

மேனேஜர் நாற்காலியைத் தள்ளிவிட்டுக் குதித்தார். அவன் தன்னை மறந்து திரையை நோக்கிக் கூவினான்: "என்னடா செல்லம், பயந்துட்டியா?"

அவள் திரும்பினாள். "நீங்களுமா?"

அவன் காது சிவந்தது. மேனேஜர் அறிக்கைக் காகிதத்தைக் கிழித்து மேலே வீசினார்.

"தபால்காரர் வேலையை இத்தோட விட்டேன்ப்பா!"