ஈரமான வரி

வேலூரில் ஒரு பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் ரெனிட்டா எழுதிய கணினி நிரலில் ஒரு வரி மட்டும் ஈரமாக இருந்தது. திரையில் அந்த வரியைத் தொட்டால் விரல் நனைந்தது. முகர்ந்தால் ஆற்று மணல் வாசனை. ஏசி ஒழுகுகிறதா என்று எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். ஒழுகவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரிகளின் கழிவில் வரும் குரோமியம் நிலத்தடியில் எந்தக் கிணறு வரைக்கும் போகும் என்று கணக்கிடும் நிரல் அது. அவளுடைய முனைவர் பட்டமே அதை நம்பித்தான் இருந்தது. ஈரமான வரி, பாலாற்றில் ஓடும் நீரின் அளவு. அதில் பூஜ்யம் போட்டிருந்தாள். வறண்ட பாலாற்றைப் பாலத்தின் மேல் பஸ்ஸில் கடந்தே வளர்ந்தவர்கள் வேறெதைப் போடுவார்கள்? ஆனால் காலையில் வந்து பார்த்தால் பூஜ்யம் இருந்த இடத்தில் வேறு எண். அந்த எண்ணோடு நிரலை ஓட்டினால் ஆம்பூர்க் கிணறுகளில் குரோமியம் மளமளவென்று குறைந்தது. பதறிப்போய் அங்கேயே நிறுத்திவிடுவாள்.

குரோமியம் குறைந்தால் யாருக்கு லாபம்? பக்கத்து மேசை தௌசீப் அகமதுவின் மாமாவுக்கு ஆம்பூரில் டேனரி இருந்தது. அவ்வளவுதான், சந்தேகம் உட்கார இடம் கிடைத்துவிட்டது. பாஸ்வேர்டை மாற்றினாள். லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுபோய் பீரோவில் வைத்துப் பூட்டினாள். விடிந்ததும் திறந்தால் எண் மாறியிருந்தது, பக்கத்தில் இருந்த அம்மாவின் பட்டுப்புடவையும் நனைந்திருந்தது. தௌசீப் பீரோவுக்குள் எப்படி வந்தான் என்பதை மட்டும் பிறகு யோசித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

ஆய்வு வழிகாட்டி கிறிஸ்துராஜ் எண்ணைப் பார்த்துச் சிரித்தார். "பாலாத்துல தண்ணியா? இன்னாம்மா, யாராவது லாரில கொண்டாந்து ஊத்தறாங்களா?" பிறகு சிரிப்பை நிறுத்தினார். "அந்தப் பையன்தான்னா புகார் குடு. இன்னிக்கே சீட்டைக் கிழிச்சிடலாம்."

புகாரை மெயிலில் அடித்து வைத்தாள். அனுப்பும் முன் தௌசீபே வந்து நின்றான்.

"என்னைத்தான் சந்தேகப்படறியாமே. ஆத்துக்கு வா ரெனி. என் எதிர்ல பூஜ்யம் போடு. எவன் மாத்தறான்னு பாத்துடலாம்."

ஆம்பூர்ப் பாலத்துக்குக் கீழே மணல் வெயிலில் காய்ந்து கிடந்தது. மடியில் லேப்டாப்போடு அவள் பூஜ்யம் போட்டாள். தௌசீபின் கைக்கொன்றாக இரண்டு டீ கிளாஸ். அந்தக் கைகளையே முறைத்துக்கொண்டிருந்தாள். திரையில் பூஜ்யம் உப்பியது, ததும்பியது, வேறு எண்ணாகி அடங்கியது. டீ ஒரு சொட்டு சிந்தவில்லை. கொஞ்ச நேரத்தில் வாணியம்பாடிப் பக்கமிருந்து தண்ணீர் வந்தது, வரியில் இருந்த அளவுக்கு, கூடவும் இல்லை குறையவும் இல்லை. இருவரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கரையேறினார்கள்.

"நிறுத்தாதே, கடைசி வரைக்கும் ஓடட்டும்" என்றான் தௌசீப்.

முதல்முறையாக நிறுத்தாமல் விட்டாள். ஆம்பூரில் குறைந்த குரோமியம் எங்கும் தொலையவில்லை. தண்ணீரோடு நடந்து, வேலூர்க் கிணறுகளில் எட்டிப்பார்த்து, ஆற்காடு வரைக்கும் போய் உட்கார்ந்தது.

"எங்க மாமாவைக் காப்பாத்தறவன் இவ்ளோ ஊரு கெணத்துலயா அவரு வெஷத்தைக் காட்டுவேன்?" என்றான். அவள் புகாரை அழித்துவிட்டு, ஆறிப்போன டீயை வாங்கிக்கொண்டாள்.

ஆய்வேட்டில் அந்த எண்ணைக் கொடுத்தது யார் என்று கிறிஸ்துராஜ் கேட்டார். பாலாறு, சார், என்றாள். அப்படியே போடும்மா என்று கையெழுத்திட்டார். ஆய்வேட்டைப் பார்த்த தௌசீபின் மாமாதான் இன்னும் அவனோடு பேசவில்லை. இப்போது அந்த ஆய்வகத்தில் யாரும் அந்த வரியை நிரப்புவதில்லை. காலையில் முதலில் வருபவர் எண்ணைக் குறித்துக்கொண்டு, கீபோர்டைத் துண்டால் துடைத்துவிட்டு வேலையைத் தொடங்குவார்.