முந்தியில் இரண்டு பேர்

பட்டுப் புடவைக்கு ஜக்கார்டு டிசைன் போடுகிறவள் நான். முந்தியில் மயில் வேண்டும் என்பார்கள், போடுவேன். கல்யாணப் பெண், மாப்பிள்ளை முகத்தையே நெய்து தரச் சொல்வார்கள், கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் பிரித்து அதையும் போடுவேன். மாப்பிள்ளைக்கு மீசை சரியாக வரவில்லை என்று சண்டைக்கு வருவார்கள், அதையும் வாங்கிக்கொள்வேன். ஆனால் ஒரு தடித்த நாவலைக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, இதைப் புடவையில் போடு என்று கேட்டவர் ஆரணியிலேயே குப்புராஜ் சார் ஒருவர்தான்.

சார் தமிழ் வாத்தியாராக இருந்து போன மே மாதம் ஓய்வு பெற்றவர். ஆவணியில் அவருக்கு அறுபதாம் கல்யாணம்.

"எங்க வீட்டம்மாவுக்கும்மா. இந்தக் காதல் கதைன்னா அவளுக்கு உசுரு. தேவிகாபுரத்துலருந்து கல்யாணமாகி வந்தப்போ பொட்டியில துணியோட துணியா இதையும் வெச்சிகினு வந்தா. இன்னும் படிச்சிகினுதான் இருக்கா" என்றார்.

"அப்ப அம்மாவையே ஒரு வார்த்தை கேட்டு, எந்தக் காட்சி வேணும்னு சொல்லுங்க சார்."

"கேட்டா வேணாம்னுடுவா. தெரியாம கொண்டுபோய்க் குடுக்கணும்." கொஞ்ச நேரம் நாவலின் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். "பிரிவு உபசார விழாவுல பேசினேன். ஹெட்மாஸ்டர்லருந்து பெல் அடிக்கிறவர் வரைக்கும் ஒருத்தர் பேரு விடாம நன்றி சொன்னேன். முதல் வரிசையில உக்காந்திருந்தா. அவ பேரை மட்டும் விட்டுட்டேன். பக்கத்து வீட்டுக்காரங்க சொல்லித்தான் எனக்கே தெரிஞ்சுது. அவ ஒண்ணும் கேக்கல. எப்பவும்போல சோறு போட்டா. இந்தப் புடவையப் பாத்து அவ மனசார சிரிக்கணும் தேவி. எனக்கு அது போதும்."

அதற்குப் பிறகு முடியாது என்று எப்படிச் சொல்வது? நாவலை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்தேன். அந்தக் காலத்து நடை. ஒரு வாக்கியம் முடிவதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிடும். மாதவராயன் படகில் வருவான். கனகவல்லி கால்வாய்க் கரையில் காத்திருப்பாள். அவளுடைய அக்கா அஞ்சலை பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அப்பாவிடம் பொய் சொல்வது, படகுக்காரனைச் சரிக்கட்டுவது, தங்கைக்குப் பதிலாக அடி வாங்குவது, எல்லாம் அஞ்சலைதான். கடைசியில் காதலர்களுக்குக் கல்யாணம் ஆகிவிடும். அஞ்சலை என்ன ஆனாள் என்று ஒரு வரி இல்லை. எழுதியவரே மறந்துவிட்டார்போல. எனக்கு அந்த ஆளின் மேல் கோபமாகக்கூட வந்தது.

கால்வாய்க் கரைக் காட்சியையே வரைந்தேன். படகில் அவன், கரையில் இவள், பக்கத்தில் விளக்கோடு அக்கா. சார் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். ஓய்வு பெற்றும் அந்தப் பேனா ஓய்வு பெறவில்லை. அஞ்சலையின் மேல் ஒரு கோடு இழுத்தார்.

"இதைத்தான் வருஷா வருஷம் பத்தாவதுக்குக் கேள்வியா குடுப்பேன். முதன்மைப் பாத்திரம் யாரு, துணைப் பாத்திரம் யாருன்னு பிரிச்சு எழுதுன்னு. யாரோட வாழ்க்கை கதையில மாறுதோ அவங்க முதன்மை. அதுக்கு ஒத்தாசையா வந்துட்டுப் போறவங்க துணை. அஞ்சலை துணைதான். அவள எடுத்துடு. இருக்கற எடத்துல ரெண்டு பேரும் பெருசா, பளிச்சுனு இருக்கட்டும்."

"விளக்கை யார் சார் பிடிக்கிறது?"

"ஒரு கம்பம் நட்டு மாட்டிடு."

முந்தியின் அகலத்தில் மூன்று உருவத்தை நெருக்கினால் மூக்கும் கண்ணும் எறும்பு மாதிரி ஆகிவிடும். இரண்டு என்றால் எனக்கும் வேலை சுலபம். கம்பம் நட்டேன். தறியில் மாட்டும் ஜக்கார்டு அட்டையில் டிசைனைத் துளை துளையாக அடித்துக் கொடுத்தேன், சின்னக்கண்ணு அண்ணன் தன் தறியில் நெய்தார். மாம்பழ மஞ்சளில் உடல், அரக்கு முந்தி, அதில் ஜரிகையில் இரண்டு பேர். அறுத்து எடுத்த அன்று அவரே ஓரத்தில் மஞ்சள் தடவி என் கையில் கொடுத்தார். சார் என்னையும் கூட வரச் சொன்னார். அந்த அம்மா சிரிப்பதை நானும் பார்க்க வேண்டுமாம்.

சார் வீட்டில் அவர் மனைவி உண்ணாமலை அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தார். முந்தியை மடியில் விரித்தார். கால்வாயைப் பார்த்ததும் எந்த இடம் என்று தெரிந்துவிட்டது, முகம் மலர்ந்தது. சார் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அந்த அம்மாவின் விரல் படகைத் தொட்டு, கனகவல்லியைத் தொட்டு, பக்கத்தில் போய் நின்றது.

"அஞ்சலை எங்கங்க?"

"அவ துணைப் பாத்திரம்தானே உண்ணாமலை. எடம் பத்தல" என்றார் சார்.

"கம்பம் நட்டு வெச்சிருக்கீங்க." குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். "நான் அவளுக்காகத்தான் இந்தக் கதைய படிப்பேன். கடைசிப் பக்கத்துல அவளப் பத்தி ஒரு வரியாவது இருக்காதான்னு ஒவ்வொரு வாட்டியும் பாப்பேன். இருக்காதுன்னு தெரியும். ஆனாலும் பாப்பேன்."

சார் என் பக்கம் திரும்பினார். "தேவி, எதுனா பண்ண முடியுமாம்மா?" என்றார். ஆரி ஊசி வேலைக்குக் கொடுத்து, கையால் ஓர் உருவம் தைத்துவிடலாம் என்றேன்.

"வேணாம்மா. ஒட்டவெச்ச மாதிரி இருக்கும். புடவை நல்லா இருக்குது. சின்னக்கண்ணு நெசவுதானே, பாத்தாலே தெரியுது, கை சுத்தம்" என்றார் அந்த அம்மா. கல்யாணத்துக்கு இதையே கட்டிக்கொள்வதாகவும் சொன்னார்.

சார் நாற்காலியிலிருந்து இறங்கி அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தார். "அஞ்சலைய உனக்கு ஏன் அவ்வளவு புடிக்கும்?"

அந்த அம்மா முந்தியை மடித்துக்கொண்டே இருந்தார். "வந்த புதுசுல உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன். நீங்க பேப்பர் திருத்திகினு இருப்பீங்க. அப்புறமா சொல்லலாம்னு விட்டுட்டேன்."

"இப்ப சொல்லு. கேக்கறேன்."

"இப்ப மறந்துபோச்சுங்க." புடவையைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார்.

சார் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "மறக்கலம்மா. இனிமே எனக்குச் சொல்ல வேணாம்னு இருக்கா" என்றார் மெதுவாக. கண் கலங்கியிருந்தது. பாவமாகத்தான் இருந்தது.

சமையலறையிலிருந்து அந்த அம்மா, "தேவி, காபிக்குச் சக்கரை எவ்வளவு போடட்டும்?" என்று கேட்டார். அரைக் கரண்டி என்றேன். சாருக்கு எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. அது அவருக்குத் தெரியும்.