இர்வின் பாஷின் நாற்பது விநாடி

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. அந்தப் பொய்யைத் தட்டச்சு செய்தவளே நான்தான். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாதியில் கண்டுபிடித்துவிட்டதாக யாரும் குதிக்க வேண்டாம்.

ஹாலிவுட்டில் ஒரு ஸ்டூடியோவின் விளம்பரப் பிரிவில் எனக்கு வேலை. நடிகர்களின் வாழ்க்கைக் குறிப்பை எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்ப வேண்டும். இர்வின் பாஷ் என்ற துணை நடிகருக்கு மட்டும் மூன்று வருடத்தில் நான்கு வாழ்க்கைக் குறிப்புகள் எழுதியிருக்கிறேன். கொள்ளைக்காரனாக நடித்தபோது அவர் மெக்சிகோவில் பிறந்தார். ஷேக்காக நடித்தபோது கெய்ரோவில். மளிகைக் கடைக்காரராக நடித்தபோது நேப்பிள்ஸில். துருக்கித் தளபதியாக நடித்தபோது எங்கே பிறக்க வைத்தேன் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள், அதை இன்னொரு முறை எழுத எனக்குக் கை வரவில்லை.

அவருடைய உண்மைப் பெயர் எர்வன்ட் பாஷ்மாஜியன். ஊர் அன்றைய துருக்கி ஆட்சியில் இருந்த ஹார்பெர்த். என்னைப் போல ஆர்மீனியர். எண்பத்து நான்கு படங்களில் நடித்துவிட்டார். ஆர்மீனியராக மட்டும் ஒன்றிலும் நடித்ததில்லை.

2

தொடக்கம் ஒன்று: 'பொன்னிற மாலை வெயில் ஸ்டூடியோ வாசலில் சாய்ந்து—'

போதும். மாலை வெயிலை வைத்துக் கதை தொடங்குகிறவர்கள் நடுமதியத்தில் எங்கள் கலிபோர்னியா ஃபிரெஸ்னோவில் திராட்சை காய வைத்தவர்களாக இருக்க முடியாது. என் வீட்டில் எல்லோரும் காய வைத்தார்கள். நான் ஒருத்திதான் பட்டம் வாங்கினேன்.

தொடக்கம் இரண்டு: '1915. ஒன்பது வயதுப் பையன் தன் அக்காவின் கையை—'

இதையும் முடிக்க மாட்டேன். முடித்தால் நீங்கள் கைக்குட்டையைத் தேடுவீர்கள். தகவல் மட்டும் சொல்கிறேன். அப்பாவைத் துருக்கிப் படையினர் ஊரிலேயே கொன்றுவிட்டார்கள். மற்ற ஆர்மீனியர்களை ஊரைவிட்டுத் துரத்திக்கொண்டு போனபோது, ஒரு பாலத்தின் மேல் பையன் எர்வன்ட்டின் கை அக்காவின் கையிலிருந்து நழுவியது. அவளுக்குப் பதின்மூன்று வயது. பெயர் நெவார்த். அதற்குப் பிறகு அவளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

2 (மறுபடியும், ஒழுங்காக)

ஸ்டூடியோ கேன்டீன். இர்வின் பாஷ் முழு வேஷத்தில் இருந்தார். முகமெல்லாம் செம்பழுப்பு மை, ஒட்டுத்தாடி, அங்கியில் மை படாமல் இருக்கக் கழுத்தைச் சுற்றிக் காகிதக் கைக்குட்டைகள். யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் திரும்பினார்.

"சிரார்ப்பியா? எந்த ஊர்க்காரங்க நீங்க?"

"ஃபிரெஸ்னோ."

"அது நீ பொறந்த எடம். நான் கேட்டது ஊரு."

"ஹார்பெர்த், பெரியப்பா."

கரண்டியைக் கீழே வைத்தார். "அப்ப உக்காரு. சூப்பு கேவலமா இருக்கு, இருந்தாலும் உக்காரு."

அன்றைக்குத்தான் சொன்னார். வெளிநாட்டு வில்லன் வேஷம் போட்டால் டைரக்டர்கள் எல்லோரும் ஒரே மாதிரி கத்துவார்களாம்: 'உன் பாஷைல எதையாவது பேசுய்யா!'

"நானும் பேசுவேன். இருபது வருஷமாப் பேசுறேன்."

"என்னன்னு?"

"'அக்கா நெவார்த், நான் எர்வன்ட், லாஸ் ஏஞ்சலஸ்ல உயிரோட இருக்கேன்'னு."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. "பேப்பர்ல விளம்பரம் குடுக்கலாம்ல?"

"பத்து வருஷம் குடுத்தேன், பொண்ணே. அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனா சினிமா பாப்பா. சினிமா பாக்காத ஆளு எங்க இருக்கு? அலெப்போல இருந்தாலும் பாப்பா, புவெனஸ் அயர்ஸ்ல இருந்தாலும் பாப்பா."

[இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. நடிகர், அதுவும் கேட்க ஆள் கிடைத்த நடிகர். பழைய படம் போடும் ஒரு தியேட்டருக்குப் போய் அவருடைய மெக்சிகோக் கொள்ளைக்காரனைப் பார்த்தேன். குதிரையின் பின்னால் கட்டி இழுக்கிறார்கள். மூன்றே விநாடி அலறல். 'லாஸ் ஏஞ்சலஸ்' என்பது மணி அடித்த மாதிரி கேட்டது. அரங்கில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கொள்ளைக்காரன் சொல்வதை யார் கேட்கிறார்கள்?]

3

பிறகு பாலைவனப் படம் வந்தது. துப்பாக்கிகளுக்கு முன்னால் நிற்கும் கொள்ளைத் தலைவன் சாவதற்கு முன் பேச வேண்டும். அண்மைக் காட்சி, நாற்பது விநாடி. அவர் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் யாரும் அவரைப் பேச விட்டதில்லை. எல்லாவற்றையும் சொன்னார். அக்காவின் பெயர், தன் பெயர், அப்பாவின் செருப்புக் கடை ஊற்றுக்கு எதிரே இருந்தது, இப்போது தான் இருக்கும் வீட்டு எண், வர்ஜில் அவென்யூ.

படத்தை வெளியிடுவதற்கு முன் ஏதாவது ஒரு சாதாரண ஊரில் சொல்லாமல் திரையிட்டு, பார்த்தவர்களிடம் அட்டை கொடுத்துக் கருத்து எழுதி வாங்குவார்கள். எந்த மேதாவி ஃபிரெஸ்னோவைத் தேர்ந்தெடுத்தானோ! அரங்கில் பாதிப் பேர் எங்கள் ஆட்கள்.

கொள்ளைத் தலைவன் வாயைத் திறந்தான். ஐந்து விநாடிதான். அப்புறம் அரங்கில் கூச்சல் ஆரம்பித்தது.

"எந்த நெவார்த்து? மெழுகுக்காரன் பொண்ணா?"

"செருப்புக் கடைன்னு சொல்றான்ல, காதுல என்ன திராட்சையா வச்சிருக்க?"

"பிரான்ஸ்ல, மார்செய்ல ஒரு நெவார்த் இருக்கா, என் மச்சினி தெருவுல!"

"அவளுக்கு எழுவது வயசுய்யா!"

"டேய், சுடாதீங்கடா! அவன் வெலாசத்தைச் சொல்லி முடிக்கட்டும்!"

சுட்டார்கள். பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். கடைசி வரிசையில் தயாரிப்பாளர் ஹேக்ஸ்டன் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

4

(இந்தப் பகுதியை ஆறு முறை கிழித்துப் போட்டேன். ஆறிலும் நான் நல்லவளாக இருந்தேன்.)

மறுநாள் ஹேக்ஸ்டன் கூப்பிட்டார். மேசையில் கருத்து அட்டைகள் குவிந்து கிடந்தன. கொள்ளைத் தலைவனைச் சுட்டது அநியாயம் என்று நாற்பது பேர் எழுதியிருந்தார்கள்.

"நீ அவங்க ஆளுதானம்மா? என்னதான் சொல்றான் அவன்?"

'எதிரிகளைச் சபிக்கிறார், சார்.' மூன்று சொல் போதும். மூன்று வருடமாகப் பொய் எழுதிச் சம்பளம் வாங்குகிறவள், இந்த ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம். ஆனால் படித்தவள் அல்லவா? உண்மையைச் சொன்னால் மனிதர்கள் உருகுவார்கள் என்று யாரோ என் தலையில் ஏற்றிவிட்டிருந்தார்கள். சொன்னேன். பாலம், அக்கா, இருபது வருடம், எல்லாம்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அழுகிறார் என்று நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"ஆக, என் காசுல ஒருத்தன் வீட்டு வெலாசம் வாசிச்சிட்டு இருக்கான். துருக்கில இந்தப் படத்தை வாங்க ஆள் இருக்கு, தெரியுமா உனக்கு?"

"சார், அது அவரோட அக்கா—"

"போய் வேலையப் பாரும்மா."

இரண்டே நாளில் அந்த உதட்டசைவுக்கு வேறொருவன் குரல் கொடுத்தான். எந்த மொழியிலும் இல்லாத சத்தம்.

5

வர்ஜில் அவென்யூவுக்குப் போனேன். திட்டு வாங்கத் தயாராகப் போனேன். உண்மையைச் சொன்னால், திட்டு வேண்டும் என்றே போனேன். அவருக்கு விஷயம் முன்பே தெரிந்திருந்தது, புதுப் பிரதியையும் பார்த்துவிட்டார்.

"ஆட்டுக்குட்டி!" என்று கத்தினார். "ஆட்டுக்குட்டிக் குரல்ல ஒருத்தன் பேசுறான்! நான் எப்பேர்ப்பட்ட குரல்காரன்! வேற நல்ல ஆளே கெடைக்கலையா இவனுங்களுக்கு?"

"பெரியப்பா, காட்டிக் குடுத்தது நான்தான்."

"தெரியும். உக்காரு. காப்பி போடுறேன்."

"காப்பி வேணாம்! திட்டுங்க! இருபது வருஷத்த ஒரே நிமிஷத்துல கெடுத்துட்டேன்!"

"திட்டினா குரல் திரும்பி வந்துருமா?" சிறிய பாத்திரத்தில் காப்பி பொங்கியதும் தீயைக் குறைத்தார். "குரல் போனாப் போகட்டும். மூஞ்சி இருக்கு."

அங்கேதான் என் வாய் மறுபடியும் அடங்கவில்லை. "எந்த மூஞ்சி? மையும் தாடியும் தலைப்பாகையும்! ஒம்பது வயசுல பாத்த தம்பிய இதுல எப்படிக் கண்டுபிடிப்பாங்க? நானே வேஷம் இல்லாம உங்கள இன்னைக்குத்தான் பாக்குறேன்!"

அவர் சுவரில் இருந்த சின்னக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றார். ரொம்ப நேரம் நின்றார். காப்பி வழிந்து அடுப்பை அணைத்தது.

"எனக்கு நாப்பத்தெட்டு," என்றார். "அப்பா சாகும்போது அவருக்கு நாப்பத்தாறு. இந்த மூஞ்சி இப்ப அவரு மூஞ்சி, பொண்ணே. அவ தம்பியத் தேட வேணாம். அப்பாவப் பாத்தாப் போதும்."

6

அடுத்த வாரம் அவருக்கு இரண்டு வாய்ப்புகள் வந்தன. ஒன்று கடற்கொள்ளையன், தாடி, பத்து நாள் வேலை, நிறைய வசனம். இன்னொன்று மதுக்கடைக்காரன், ஒரே நாள், வசனம் கிடையாது, மையும் கிடையாது. ஒரு முறை நிமிர்ந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அவர் மதுக்கடையை எடுத்துக்கொண்டார். அவருடைய ஏஜென்ட் தொலைபேசியில் போட்ட கூச்சல் நான் இருந்த சமையலறை வரை கேட்டது.

7

முடிவு அ: பெய்ரூட்டில் ஒரு தியேட்டர். ஐம்பத்திரண்டு வயதுப் பெண்மணி ஒருத்தி திரையைப் பார்த்து 'அப்பா' என்று— வேண்டாம். எனக்கு அழுகை வருகிறது, அழுகை வந்தால் பொய் எழுதுகிறேன் என்று அர்த்தம்.

முடிவு ஆ: அவள் அந்தப் பாலத்தைத் தாண்டவே இல்லை. இதை எழுதுவது சுலபம். எழுதினால் எனக்கு இலக்கியவாதி என்று பெயர் வரும். எழுத மாட்டேன்.

முடிவு இ: அவள் இந்தக் கதையைப் படிக்கிறாள்.

இதுதான் எல்லாவற்றிலும் கேவலம். அவளுக்குப் படிக்கத் தெரியாது. வீட்டில் எவருக்கும் கிடைக்காத படிப்பைப் படித்து, தெரிந்த வித்தையை எல்லாம் காட்டி, யாருக்கு ஒரு சொல் போய்ச் சேர வேண்டுமோ அந்த ஒருத்தியால் படிக்கவே முடியாத ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன்!

எனவே முடிவு என்னிடம் இல்லை. படிக்கத் தெரிந்த உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். மதுக்கடைப் படம் அடுத்த மாதம் வெளியூர்களுக்குப் போகிறது. எந்த ஊரில் என்று தெரியாது, உங்கள் ஊராகவும் இருக்கலாம். அந்த மனிதர் நிமிர்ந்து பார்ப்பது இரண்டு விநாடி. அந்த இரண்டு விநாடியில் உங்களுக்கு முன்வரிசையில் ஒரு அம்மா சட்டென்று எழுந்து நின்றால், 'மறைக்குது, உக்காரும்மா' என்று தயவுசெய்து கத்தாதீர்கள். நிற்கட்டும்.